ஆகஸ்ட் மூன்றாம் தேதிப் படங்கள்

கொல்லிமலையில் பிறந்தவர்களில் வெள்ளைக்காரர்களின் தொப்பிகளை அதிகம் பார்த்தவர் தேதிக்காரர்தான். உலகத்திலேயே அவர்தான் என்று சொன்னாலும் சண்டைக்கு வர ஆள் இல்லை.

அவர் நிஜப் பெயர் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் யாருக்கும் தெரியாது. மலையிலேயே திருப்புலி நாடு என்ற பகுதியில் மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். நான் சேந்தமங்கலத்துக்காரன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் மச்சான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கி, "இனி இதுதான் பொழப்பு" என்றார். அதற்கு நிலையாக வந்த ஒரே ஆள் தேதிக்காரர்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஏதோ வெளிநாட்டு மியூசியம். மாதத்தையும் நாளையும் போட்டால் அந்தத் தேதியில் எடுத்த பழைய போட்டோக்கள் வரும். எந்த வருஷத்தில் எடுத்ததானாலும் வரும். வாத்தியார் தன் பிறந்த நாளைப் போட்டார். ஒரு கப்பலைப் பார்த்தார். எழுந்து போனார். போன் பேச வந்து பின்னால் நின்றிருந்த தேதிக்காரர் போகவில்லை.

"ஏனுங்க பாய், ஆடிப் பதினெட்டைப் போடுங்க."

சின்ன வயதில், ஆடிப் பதினெட்டுக் கோயில் கூட்டத்தில், ஒரு வெள்ளைக்காரன் மூன்று கால் பெட்டி வைத்து அவர் அம்மாவைப் படம் எடுத்தானாம். அவள் தலையில் பலாப்பழம். இறக்கி வைக்கச் சொல்லிக் கை காட்டினானாம். அவள் இறக்கவில்லை. இவர் பயந்து அவள் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து அவள் செத்துப்போனாள்.

"முதுகுதானுங்க ஞாபகம் இருக்குது. மூஞ்சி இல்லீங்க. கண்ணு ரெண்டுலயும் பொரை விழுந்துட்டு வருது. அதுக்குள்ள ஒருக்கா பாத்துப்போடோணும்."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார்.

காலண்டரைப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் மூன்று. போட்டேன். படங்கள் பக்கம் பக்கமாக நின்றன. மலையில் போன் லைன் மேகத்தைப் பார்த்தாலே படுத்துக்கொள்ளும். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கக் கால் மணி நேரம். முதலில் வானம் வரும். அப்புறம் தொப்பி.

"தொப்பி வந்துருச்சு. நம்ம ஆளு இல்லீங்க. அடுத்ததப் போடுங்க."

வாரம் ஒரு நாள். ஒரு நாளைக்கு நாலு படம். அதற்கு மேல் லைன் தாங்காது. பழசு தீருவதற்குள் மியூசியக்காரன் புதுசு ஏற்றிவிடுவான்.

வரும்போது காலண்டரிலிருந்து கிழித்த ஆடிப் பதினெட்டுத் தாளைக் கொண்டுவருவார். எழுத்து கம்ப்யூட்டரைப் பார்க்கும்படி அதன் முன்னால் நிறுத்திவைப்பார். "அதுக்கும் வழி தெரியோணுமில்லீங்க." தன் வீட்டுக் காலண்டர் போதவில்லை. தை பிறந்தால் செம்மேட்டில் ஒரு காலண்டரும் தப்பாது. ரேஷன் கடை, சலூன், எல்லாவற்றிலும் அந்த ஒரு தாள் காணாமல் போகும்.

டீக்கடைக்காரர் என் கடைக்கே வந்து கத்தினார்.

"ஏய்யா தேதிக்காரரே, என்ற காலண்டர்ல ரெண்டாந்தேதிக்கு அப்புறம் நாலாந்தேதி வருது. மூணாந்தேதி நான் கடை தொறக்கறதா வேண்டாமா?"

"தொறந்து என்ன பண்ணப் போறீங்க? அதே டீ தானுங்களே."

நாலாம் வருஷம் அவர் தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அந்த வருஷத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டுதான். ஆனால் மேலே ஆகஸ்ட் இரண்டு என்று போட்டிருந்தது. வாத்தியாரைக் கேட்டேன். சில வருஷம் இரண்டில் வரும், சில வருஷம் மூன்றில் வரும் என்றார். நாங்கள் மூன்றைத் தவிர வேறு எதையும் போட்டதே இல்லை.

அவரிடம் சொன்னேன். பரப்பிய தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"அப்ப இத்தன வருஷமா பக்கத்து ஊட்டுக் கதவையா தட்டிட்டிருந்தோம்?"

"ஆமாங்க. தப்பு என்னுதுங்க."

"சரி உடுங்க. ரெண்டைப் போடுங்க."

அதற்குள் அவருடைய இடது கண் போயிருந்தது.

மூன்றாவது வாரம் வானம் வந்தது. தொப்பி வரவில்லை. முள்முள்ளாக ஒரு உருண்டை இறங்கியது. பலாப்பழம். தேதிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நெற்றி வந்தது. கரண்ட் போனது.

சேதி பரவி டீக்கடைக்காரரும் சலூன்காரரும் வந்து நின்றார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது. மறுபடியும் வானத்திலிருந்து ஆரம்பித்தது. முகம் முழுசாக வந்தபோது தேதிக்காரர் மூக்கைத் திரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

"இல்லீங்க."

"மூஞ்சி ஞாபகம் இல்லைன்னீங்களே?"

"ஞாபகம் இல்லீங்க. ஆனா இவ இல்லைன்னு தெரியுது."

கீழே இருந்த இங்கிலீஷை வாத்தியார் வந்து படித்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தீவு. பழம் விற்கும் பெண். பெயர் இல்லை.

"பேரு கூடப் போடலீங்களா? பாவம், இவளையும் யாராச்சும் தேடிட்டிருப்பாங்க."

கடை சாத்தும் வரை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்புறமும் இரண்டு வருஷம் வந்தார். வலது கண்ணும் போன பிறகும் வந்தார். நான் பார்த்துச் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். ஒரு மழைக்காலத்தில் வரவில்லை. கார்த்திகையில் அவர் மகன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

"அப்பனுக்குப் படம் வெச்சுக் கும்புடோணுமுங்க பாய். ஓட்டு அட்டையில இருக்கறது அப்பனா கரிச்சட்டியான்னே தெரியல. ஆறு வருஷமா போட்டோ போட்டோன்னு உங்க கடையிலதான கெடந்தாரு. ஒண்ணு கூடவா இல்லீங்க?"

இல்லை என்றேன். அவன் போய்விட்டான்.

ஆறு வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த மனுஷன். படம் இறங்கும் வரை எனக்கும் வேறு வேலை கிடையாது. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது திரும்பி அவரை நன்றாகப் பார்த்திருக்கலாம்.