அதிகம் தேடப்பட்ட நூல்

உலகத்தில் நூலகங்கள் இரண்டே வகை. புத்தகம் இருக்கும் நூலகங்கள் ஒரு வகை. முன்னேறிய நூலகங்கள் இன்னொரு வகை. எங்கள் நூலகம் முன்னேறி மூன்று வருடமாகிறது. இந்த மகத்தான முன்னேற்றத்தில் அடியேனுக்கும் ஒரு கை உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்ட கை.

முன்பெல்லாம் நான் வெறும் உதவி நூலகர். புதிய இயக்குநர் வந்ததும் 'தகவல் அனுபவ மேலாளர்' ஆனேன். வேலை அதேதான். ஆனால் நாற்காலிக்குச் சக்கரம் முளைத்தது, மேசை ஏசிக்கு நேர் கீழே நகர்ந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன்.

"அப்படின்னா என்னங்க வேலை?" என்றாள் மனைவி.

"வர்றவங்க தகவலை நல்லா அனுபவிக்கிறாங்களான்னு பாக்கிறது."

"அவங்க அனுபவிக்கிறாங்களோ இல்லையோ, நீங்க நல்லாவே அனுபவிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இயக்குநர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு புத்தகம் படிக்கக்கூட நேரமில்லாமல் நூலகத்துக்காக உழைப்பவர். முதல் கூட்டத்திலேயே எங்கள் கண்களைத் திறந்தார்.

"நூலகம்னு சொல்றதை இன்னையோட விடுங்க. இது அறிவு மையம். வாசகர் இல்ல, பயனர். புத்தகம்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"பின்னே அதை என்னன்னு சொல்றது சார்?" என்று கேட்டார் ஏணியண்ணன். இருபது வருடமாக ஏணியில் ஏறி இறங்கிப் புத்தகம் அடுக்குகிறவர். மேலிருந்தே பேசிப் பழகியதால் மேலதிகாரிகளிடம் பயம் குறைவு.

"தகவல் வளம்."

"தகவல் வளத்துல கரையான் வந்திருக்கு சார். மூணாவது அலமாரி."

இது கூட்டக் குறிப்பில் பதிவு செய்யப்படவில்லை.

அடுத்து வந்தது 'தரவு சார்ந்த களையெடுப்பு'. இரண்டு வருடமாக யாரும் தொடாத புத்தகம் களை; பிடுங்கிவிடலாம். வீட்டுக்கு எடுத்துப் போகும் புத்தகமென்றால் யார் எப்போது எடுத்தார் என்று கணினியே சொல்லிவிடும். சிக்கல், சிவப்பு ஒட்டு ஒட்டிய புத்தகங்களில்தான். அவை தலையணை கனம், வெளியே கொடுப்பதில்லை, உள்ளேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். அவற்றை யாராவது படித்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும் என்று ஏணியண்ணன் சொன்னார். அது விஞ்ஞானபூர்வமாக இல்லையென்று தள்ளப்பட்டது.

இயக்குநரின் முறை வேறு. சாயங்காலம் மூடும்போது மேசைமேல் கிடக்கும் சிவப்பு ஒட்டுப் புத்தகங்களை ஏணியண்ணன் ஒரு கைக்கருவியால் தொட்டுக்கொண்டு போக வேண்டும். கருவி 'பீப்' என்றால் அந்தப் புத்தகம் அன்று பயன்பட்டது. அலமாரியில் இருப்பது பயன்படாதது. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை காலமாக நமக்குத் தோன்றவில்லையே என்று நான் எழுந்து நின்று வியந்தேன். உட்கார்ந்தபோது நாற்காலி சக்கரத்தால் சற்று நகர்ந்திருந்தது.

அந்தக் கணக்கின்படி எங்கள் நூலகத்தில் அதிகம் பயன்பட்டது ஒரு பழைய தொலைபேசி அடைவு. அறுநூற்றுப் பதினோரு பீப். ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் மத்தியானம் அதைத் தலைக்கு வைத்து மேசையில் தூங்கிவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போவார். அதற்கு 'உயிர்ப்புள்ள வளம்' என்று சான்று தந்து, புது அட்டை போட்டோம். அவருக்குக் கன்னம் கொஞ்சம் வழுக்குகிறது என்று புகார்.

இனி லிஃப்ட் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருந்தாலும் பதினாலு வருடமாகப் பதவியில் ஒரு படிகூட ஏறாதவர். ஆய்வக உதவியாளர் வேலைக்குத் துறைத் தேர்வு அறிவித்தார்கள். நாற்பது வயது வரைதான் எழுதலாம், அவருக்கு அப்போதுதான் முப்பத்தொன்பது முடிந்திருந்தது. அதற்கான பாடமெல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனை பற்றிய பெரிய புத்தகம், ஆயிரத்து நூறு பக்கம், சிவப்பு ஒட்டு. தினமும் வேலை முடிந்து ஐந்தே முக்காலுக்கு நீலச் சீருடையோடு வந்து, ஏழரை வரை படித்துக் குறிப்பெடுப்பார்.

முதல் நாள் படித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எடுத்த இடத்துலயே வைக்கணும்மா. பக்கத்தை மடிக்கக் கூடாது. படிச்ச இடத்துக்கு அடையாளம் வேணும்னா ஒரு நாடா வச்சுக்கங்க."

"தெரியாமப் போச்சு சார். இனிமே பாருங்க."

அப்போதே எடுத்துப் போய் அலமாரியில் வைத்தார். அதன்பிறகும் சொன்னபடி செய்தார். ஒரு நீல நாடாவின் நுனியை முதுகு அட்டையின் இடுக்கில் செருகி, மறு நுனியைப் படித்த பக்கத்தில் விட்டார். எட்டு மாதமும் புத்தகம் சரியாக இருபத்தேழாம் அலமாரி, மூன்றாம் தட்டுக்குத் திரும்பிப் போனது. இப்படி ஒரு வாசகர் கிடைக்க நூலகம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அந்தப் புத்தகத்துக்குப் பீப், பூஜ்யம்.

களைப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், எல்லாம் சிவப்பு எழுத்தில். ஏணியண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சார், இது லிஃப்ட் அக்கா படிக்கிற புக்கு. பரிட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல."

"தரவு அப்படிச் சொல்லலையே."

"என் கண்ணு சொல்லுது சார். உங்க கண்ணும்தான் தினமும் பாக்குது."

"கண்ணுக்கு பார்கோடு இருக்கா அண்ணே?"

அவர் விரலை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வரியை அடித்தால் ஏன் அடித்தாய் என்று இயக்குநருக்கு விளக்கம் எழுத வேண்டும். நான்கு பத்தி, மூன்று பிரதி. கையெழுத்துப் போடுவதென்றால் ஒரு நொடி. பார்த்துக்கொண்டே போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

பிடுங்கிய புத்தகங்களையும் இயக்குநர் வீணாக்கவில்லை. அலமாரியில் பெயர் தெரியும் முதுகை மட்டும் அறுத்தெடுத்து, கூடத்துச் சுவர் நெடுக ஒட்டி, வருட விழா வரை துணி போட்டு மூடச் சொன்னார். அதற்குப் பெயர் 'பாரம்பரியச் சுவர்'. மிச்ச உடம்பு காகித ஆலைக்குப் போயிற்று. "இங்க வர்றவங்க புத்தகங்களோட நின்னு ஒரு படமாவது எடுத்துக்கணும்ல?" என்றார். வாசிப்பின் மேல் அவருக்கு இருந்த அக்கறை அப்படி.

"போன புக்கையெல்லாம் கணினிப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாமா சார்?" என்று கேட்டேன்.

"வாசல் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"ஒரு லட்சம் நூல்கள்னு சார்."

"பலகையைச் சின்னதாக்கணுமா?"

"வேண்டாம் சார்."

"அப்ப பட்டியல் அப்படியே இருக்கட்டும்."

புத்தகங்கள் ஆலைக்குப் போன அன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு லிஃப்ட் அக்கா வந்தார். மூன்றாம் தட்டில் கை வைத்தார். பக்கத்துத் தட்டு, அதற்குப் பக்கத்துத் தட்டு என்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், என் புக்கைக் காணோம்."

உண்மையைச் சொல்ல என் வாய் திறந்தது. ஆனால் 'தகவல் பகிர்வுக் கொள்கை' என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதன்படி அறிவு மையத்தின் ஊழியர் யாருக்கும் தகவல் சொல்லக் கூடாது. அதற்கென்று கூடத்தில் ஒரு இயந்திரம் நிற்கிறது. பெயர் 'அறிவுத்தோழி'. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். தெரியாது என்று மட்டும் சொல்லாது.

"தோழிகிட்ட கேட்டுப் பாருங்கம்மா" என்றேன்.

அக்கா முதலில் தன் கைப்பேசி எண்ணையும், பிறகு புத்தகத்தின் பெயரையும் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். திரையில் பூப்பூத்தது.

"அன்புப் பயனரே! நீங்கள் தேடும் வளம் நம்மிடம் உள்ளது. அலமாரி இருபத்தேழு, மூன்றாம் தட்டு. இனிய வாசிப்பு!"

"இருக்குன்னு சொல்லுதே சார்!" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"யாராவது இடம் மாத்தி வச்சிருப்பாங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது சரளமாகத்தான் வந்தது.

அக்கா நம்பிவிட்டார். தினமும் வந்தார். முதலில் தோழியிடம் கேட்பார். இருபத்தேழாம் அலமாரிக்குப் போவார். இல்லையென்றதும் ஒன்றாம் அலமாரியிலிருந்து வரிசையாகத் தேடத் தொடங்குவார். படிக்க இருந்த நேரமெல்லாம் தேடுவதில் போயிற்று. நடுநடுவே திரும்பி வந்து, ஒருவேளை தோழிக்கு இப்போது நினைவு வந்திருக்குமோ என்று மறுபடி தட்டுவார். தோழியும் அலுக்காமல் இனிய வாசிப்புக்கு வாழ்த்தும்.

"பாவம் சார், சொல்லிடுங்க" என்றார் ஏணியண்ணன். "வேற எங்கயாவது போய்ப் பாத்துக்குவாங்க."

"கொள்கை இருக்கே அண்ணே."

"நான் சொல்லட்டுமா?"

"சொன்னா கையெழுத்து யாருதுன்னு கேப்பாங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார். நல்ல மனிதர், என் சக்கர நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

ஆறு வாரம் ஓடிற்று. அக்கா வருவது நின்றது. தேர்வு முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வருட முடிவில் 'தேடல் திருவிழா' நடந்தது. இயக்குநர் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். ஒரே ஒரு கோடு மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்க! ஒரே புத்தகம், ஆறே வாரம், இருநூத்திப் பதினாலு தேடல்! இந்த ஆண்டின் 'அதிகம் தேடப்பட்ட நூல்' இதுதான். வாசிப்பு செத்துப் போச்சுன்னு சொல்றவங்களுக்கு இதைவிட என்ன பதில் வேணும்? இத்தனை முறை தேடினது ஒரே ஒரு பயனர். அவங்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

நீலச் சீருடையோடு லிஃப்ட் அக்கா ஏறி வந்தார். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார். மேடையோரம் சான்றிதழோடு நின்ற என்னிடம்தான் நேராக வந்தார்.

"குறுஞ்செய்தி வந்துச்சு சார். நீங்க தேடின நூலுக்காக உங்களைப் பாராட்டுறோம்னு. புக்கு கெடச்சிருச்சுன்னு நெனச்சு ஓடி வந்தேன்."

"பரிட்சை என்னாச்சும்மா?"

"ரெண்டு மார்க்குல போச்சு. ரத்தம் உறையிறதைப் பத்தி ஒரு பெரிய கேள்வி. அந்த அத்தியாயத்துலதான் நாடா வச்சிருந்தேன்." சீருடையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "போன மாசம் நாப்பது முடிஞ்சிருச்சு, இனி எழுத முடியாது. அது போகட்டும் சார். பாதியில நிக்குதேன்னுதான் இருக்கு. படிச்சு முடிச்சிட்டுத் தந்திடறேன்."

"படத்துக்கு நில்லுங்கம்மா!" என்று இயக்குநர், அன்றுதான் துணி விலக்கிய பாரம்பரியச் சுவரின் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். "பின்னாடி பாருங்க, எத்தனை புத்தகம்! எல்லாம் உங்களுக்காகத்தான்."

அக்கா திரும்பிப் பார்த்தார். நாலாயிரம் முதுகுகள். அவர் கண் நேராக ஒன்றில் போய் நின்றது. எட்டு மாதம் தினமும் பார்த்த முதுகு ஆயிற்றே. அடியில் நீல நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கு சார்!" என்று கத்தினார். கூட்டம் கைதட்டியது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, கனமான புத்தகத்தை எடுக்கிற பலத்தோடு இழுத்தார். பிய்ந்து வந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனார்.

கையில் ஒரு சாண் நீளத்தில் அட்டை. அவ்வளவுதான். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரில் அது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அருமை! அதை அப்படியே நெஞ்சோட பிடிச்சுக்கங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார் படம் எடுப்பவர்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க சார்?" அக்கா என்னைத்தான் கேட்டார்.

"அரைக்கப் போயிருச்சும்மா."

"எப்போ?"

"நீங்க காணோம்னு வந்து கேட்டீங்களே, அன்னைக்குக் காலைல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற எங்கயாவது அலைஞ்சு படிச்சிருப்பேனே சார்" என்றார். அப்புறம் திரும்பி, அந்த அட்டையைச் சுவரில் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். பசை காய்ந்துவிட்டது, விட்டதும் விழுந்தது. குனிந்தெடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"விடுங்கம்மா, நாங்க ஒட்டிக்கிறோம்" என்றேன்.

"எடுத்த இடத்துலயே வைக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, லிஃப்டுக்கு நேரமாகிறதென்று இறங்கிப் போய்விட்டார். சான்றிதழையும் வாங்கிக்கொள்ளவில்லை. அதைத் தபாலில் அனுப்பும்படி இயக்குநர் உத்தரவிட்டார்.

ஆண்டறிக்கை எழுதுவது என் பொறுப்பு. மூன்றாம் பக்கத்தில் அக்காவின் படம் பெரிதாக வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'திருடுபோன நூல்கள்' என்ற கட்டத்துக்குள் 'ஒன்றுமில்லை' என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது சத்தியமான உண்மை. எங்கள் நூலகத்துக்குள் ஒரு திருடனும் வரவில்லை. வந்திருந்தால், அந்தப் புத்தகம் எங்கேயாவது முழுசாக இருந்திருக்கும்.