தங்கையின் சீசன் டிக்கெட்டில் விருந்துக்குப் போனேன்

காசு கொடுத்து டிக்கெட் எடுப்பதென்றால் எனக்கு அந்த நாளில் வயிறு எரியும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போவதென்றால் ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, வேகாத வெயிலில் நடப்பேன். (மிச்சம் பிடித்ததற்கு மேலேயே கரும்புச்சாறு குடித்துவிடுவேன், அது வேறு விஷயம்.) இந்தக் கெட்டிக்காரத்தனம், எழுபதுகளில், எனக்குக் கல்யாணமான முதல் மாதமே சந்தி சிரித்தது.

தாம்பரத்தில் இவருடைய பெரியம்மா வீட்டில் எங்களுக்கு விருந்து. இவருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு எதற்கு? கல்லூரியில் படிக்கும் என் தங்கை சுமதி, மாணவர் சலுகையில் மாம்பலம் - தாம்பரம் சீசன் டிக்கெட் வைத்திருந்தாளே!

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே கெடக்கு, குடுடி" என்றேன்.

"மாட்டினா காலேஜுக்கு எழுதிப் போட்டுருவாங்கக்கா. அப்புறம் எனக்குச் சலுகையே கிடைக்காது" என்று அழாத குறையாகக் கொடுத்தாள்.

சீசனில் வயது பதினெட்டு. எனக்கோ இருபத்து மூன்று. அதனால் அவளுடைய தாவணியைக் கட்டிக்கொண்டேன். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். தாம்பரத்தில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளப் புடவை பையில் தயார். "நீங்க யாரோ, நான் யாரோ. வழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று இவருக்கும் உத்தரவு போட்டேன்.

லேடீஸ் பெட்டியில் ஏறித் தொலைத்திருக்கலாம். புதுசாகக் கல்யாணமானவள், பிரிய மனசு வரவில்லை. இவர் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். சொன்னபடி பேசவில்லைதான். ஆனால் என்னைத் தாவணியில் பார்த்த மனுஷனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிண்டி தாண்டியும் வைத்த கண் வாங்காமல் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்குக் கண்ணடித்தார்.

என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சடாரென்று எழுந்தார். "இன்னா நைனா, வயசுப் பொண்ணைப் பாத்துக் கண்ணடிச்சிக்கினு கீறே? அக்கா தங்கச்சியோட பொறக்கலியா நீ?"

இவர் திருதிருவென்று விழித்தார். நாலு பேர் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

சரியாக அப்போதுதானா பரங்கிமலையில் டிக்கெட் பரிசோதகர் ஏற வேண்டும்! புருஷன் என்று சொன்னால் சுமதியின் சலுகை போகும். சொல்லாவிட்டால் இவருக்குத் தர்ம அடி நிச்சயம். அதற்குள் அந்த அம்மாள் இவர் காலரையே பிடித்துவிட்டார். "சாரே, இந்தாளைப் போலீஸ்ல குடு!"

"யாரும்மா இவர்? உனக்குத் தெரிஞ்சவரா?" என்றார் பரிசோதகர்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க அண்ணன் சார்!"

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. மீன்கார அம்மாளுக்குத்தான் வெறியே வந்துவிட்டது. "அடப்பாவி! கூடப் பொறந்ததைப் பாத்தா கண்ணடிக்கிறே?" என்று கூடையை ஓங்கினார்.

"ஐயோ, அடிக்காதீங்க! என் வீட்டுக்காரர்!" என்று அலறித் தாலியை வெளியே இழுத்துக் காட்டினேன்.

அம்மாள் குனிந்து பார்த்தார். "மஞ்சள் கூடப் போவல, புத்சா கீது" என்று கூடையை இறக்கினார். பரிசோதகர் கையை நீட்டினார். "சரி, டிக்கெட்டைக் காட்டும்மா."

அபராதம் கட்டினோம். சீசன் பறிபோனது. கல்லூரிக்கும் கடிதம் போய், சுமதி படிப்பு முடியும்வரை முழுக் கட்டணம் கொடுத்தே போனாள். பாவி நான், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பல மாதம் ஆனது.

ஆனால் அவள் சும்மா விடவில்லை. "உனக்கு அண்ணன்னா எனக்கும் அண்ணன்தானே?" என்றாள். அன்றிலிருந்து இவரை அத்தான் என்று கூப்பிட்டதே இல்லை. பெரியப்பா என்று அழைக்க வேண்டிய அவள் பிள்ளைகளுக்கும் இவர் மாமாதான். எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அவள் மகளுக்குக் காதுகுத்து வந்தபோது, தாய்மாமன் மடி எங்கே என்று எல்லோரும் தேட, சுமதி நேராக வந்து குழந்தையை இவர் மடியில் உட்காரவைத்துவிட்டாள்.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று தாய்மாமன் சீர் மொத்தமும் எங்கள் தலையில்தான் விடிந்தது. ஒவ்வொரு தடவையும் சீர் எடுக்க தி. நகருக்குக் கிளம்பும்போது, இவர் வாசலில் நின்று பவ்யமாகக் கேட்பார்: "ஏம்மா தங்கச்சி, இதுக்கு யார்கிட்டயாவது சலுகைச் சீட்டு வாங்கி வச்சிருக்கியா?"