ஓம் ஓம் எண்டு வாங்கின ஃபயர்வோல்

போன கிழமை எனக்குத் தந்த வேலை சின்னது. கந்தோருக்கு ஒரு ஃபயர்வோல் பெட்டி வாங்கி வாறது.

மூண்டு மாடி முழுக்கக் கொம்பியூற்றர். வெளி இன்ரநெற்றுக்கும் எங்களுக்கும் நடுவில ஒரு காவல்காரன் நிக்கவேணும். மென்பொருள் ஓப்பின் சோர்ஸ், சும்மா கிடைக்கும், நல்ல மெஷின் ஒண்டு இருந்தால் காணும் எண்டு மீற்றிங்கில சொன்னதே நான்தான். வேலைக்குச் சேர்ந்து நான் வாய் திறந்த ஒரே மீற்றிங் அது.

மனேஜர் கண்ணாடிக்கு மேலால பார்த்தார். "சும்மா கிடைக்கிறது சும்மாதானே பிள்ளை இருக்கும்? சரி, செய்து பாரும். பிழைச்சால் கொழும்புக் கொம்பனி ஆக்கள் வந்து தங்கடை பெட்டியைப் பூட்டட்டும். பிறகு நீர் உந்தக் கதை எடுக்கப்படாது."

பிழைச்சால் பென்சன் எடுக்கும்வரை நான் வாய் திறக்கேலாது.

ரவுணில ஒரு கொம்பியூற்றர் கடைக்குப் போனன். கடைக்கார அண்ணை நல்ல கதைகாரர். ஆர் கதைச்சாலும் "ஓம், ஓம்" எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது என்ரை பழக்கம். "கேக்கிறன்" எண்டதுதான் அதின்ரை அர்த்தம். அவருக்கு "சம்மதம்" எண்டு விளங்கியிருக்கு.

"ராப்பகலா ஓடவேணுமோ தங்கச்சி?"

"ஓம்."

"அப்ப கேம் விளையாடுற பெடியள் கொண்டுபோற மெஷின்தான் சரி."

"ஓம்…"

அதில எத்தனை நெற்வேர்க் போர்ட் இருக்கெண்டு கேக்க நான் மனசுக்குள்ள வசனம் கட்டிக்கொண்டிருந்தன். நான் வசனத்தைக் கட்டி முடிக்க முதல் அவர் பெட்டியைக் கட்டி முடிச்சிட்டார்.

கந்தோரில பிரிச்சன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுவிச்சைப் போட்டால் பச்சை, ஊதா, சிவப்பு எண்டு காத்தாடியெல்லாம் மின்னிக்கொண்டு சுத்துது.

கணக்குப் பகுதி மாலா அக்கா எட்டிப் பார்த்தா. "என்னடி, திருவிழாச் சோடினையோ?"

"ஃபயர்வோல், அக்கா."

"அப்ப சாமி எத்தினை மணிக்கு வெளியில வாறார்?"

அதைக்கூடத் தாங்கலாம். பின்பக்கம் பார்த்தால், கேபிள் செருகுற போர்ட் ஒண்டே ஒண்டு. வெளியால வாறதுக்கு ஒண்டு, உள்ளுக்கு விடுறதுக்கு ஒண்டு எண்டு குறைஞ்சது ரெண்டு வேணும். என்ரை காவல்காரனுக்கு ஒரு கைதான் இருக்கு.

மெஷினை மடியில வச்சுக்கொண்டு ஓட்டோவில திரும்பவும் கடைக்குப் போனன். வழி முழுக்கப் பாடமாக்கினதை ஒரே மூச்சில ஒப்புவிச்சன். "அண்ணை, கேமுக்குப் போட்ட கிராஃபிக்ஸ் கார்ட் எனக்கு வேண்டாம். அதைக் கழட்டிப்போட்டு நாலு போர்ட் உள்ள நெற்வேர்க் கார்ட் ஒண்டு போட்டுத் தாங்கோ."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி? எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டியள்."

"ஓம்," எண்டன்.

மென்பொருளை ஏத்திப் பூட்டினன். அடுத்த நாள் முழுக் கந்தோரின்ரை இன்ரநெற்றும் அதுக்குள்ளாலதான் ஓடினது. ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. நல்ல ஃபயர்வோலுக்கு அதுதான் அடையாளம்.

மனேஜர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பார்த்தார். மென்பொருளைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை. லைற்றைத்தான் பார்த்தார்.

"ம்ம். இப்பதான் ஒரு பாதுகாப்பு மாதிரிக் கிடக்கு."

எனக்கு வெக்கமாப் போச்சு. பின்னேரம் லைற்றுகளை மட்டும் நிப்பாட்டிப்போட்டு என்ரை மேசையில வந்து இருந்தன்.

கொஞ்ச நேரத்தில டெலிபோன். மனேஜர்தான், குரல் இறங்கிப்போய்க் கிடந்தது.

"பிள்ளை, கொழும்பு ஆக்களைக் கூப்பிடுவமோ? ஆரோ உள்ளுக்கு வந்திட்டாங்கள் போல. பெட்டி இருண்டுபோய்க் கிடக்கு."

லைற்றைத் திரும்பப் போட்டன். தாக்குதல் முறியடிக்கப்பட்டது.