ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஏற்ற பிரேக் டிரம்

அரசாங்க ஜீப் என்றால் ஓட வேண்டும். ஓடினால் நிற்கவும் வேண்டும். செங்கல்பட்டிலிருந்த கடற்காற்றுத் துருத் தடுப்பு அலுவலகத்தில் இந்த இரண்டாவது விஷயம் மட்டும் எழுபத்து நாலாம் வருஷம் முழுக்கப் பரிசீலனையில் இருந்தது. கடலோர ஊர்களில் இரும்பு துருப்பிடிக்காமல் காப்பதற்கென்றே ஏற்பட்ட அலுவலகம் அது. துருப்பிடித்துப் போனது அதன் ஜீப்பின் சக்கரங்களுக்குள் சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் பிரேக் டிரம். எதிர்க்கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தவன் நான். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

டிரைவர் மாயவன் அதிகாரி ஜானகிராமன் முன்னால் போய் நின்றான்.

"சார், டிரம்மு பூரா துரு. பிரேக்க மிதிச்சா காலுதான் உள்ள போவுது, வண்டி போய்க்கினே கீது. நேத்து திருவிடந்தை கிட்ட மாடு குறுக்க வந்துச்சி. மணல்ல ஏத்தித்தான் நிறுத்தினேன். எனக்கு பயமா கீது சார்."

ஜானகிராமன் முந்தின ஞாயிறுதான் சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்திருந்தார். மறுநாளே என்னிடம் பெல்பாட்டம் பேண்ட் தைக்கக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தெருக் குப்பை கூடவே வரும்.

"டிரம் வாங்கறதுன்னா சும்மாவா, மாயவன்? ரோட்டுக்கா, ரேஸுக்கான்னு தீர்மானம் பண்ணணும். ரேஸ் டிரம்ல ஓட்டை போட்டிருக்கும். எவ்வளவு வேகத்துல மிதிச்சாலும் சூடு தாங்கும்."

"நம்ம வண்டி எறக்கத்துலயே நாப்பதைத் தாண்டாது சார்."

"இன்னிக்குத் தாண்டாது. நாளைக்கு ரேஸுக்குப் போனா யார் பதில் சொல்றது?"

இந்தக் கேள்வியை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. ரோட்டு டிரம் ரேஸுக்கு உதவாது, ரேஸ் டிரம்மில் ரோட்டுத் தண்ணீர் புகும் என்று குழு கண்டறிந்தது. ஆகவே இரண்டுக்கும் ஏற்ற டிரம்மையே வாங்குவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. அப்படி ஒன்றை யாரும் செய்வதில்லை என்று கடைக்காரர்கள் சொன்னதைத் தன் தொலைநோக்குக்குக் கிடைத்த பாராட்டாகக் குழு எடுத்துக்கொண்டது.

அதுவரை வண்டி ஓட வேண்டுமே? லாரிகளில் கிளீனர் குதித்து டயருக்கடியில் கட்டை போடுகிற வழக்கம் உண்டல்லவா, அதையே அலுவலகம் தழுவிக்கொண்டது. 'தற்காலிகச் சக்கர நிறுத்த உதவியாளர்' என்று ஒரு பதவி உண்டாயிற்று. மாயவன் தன் மச்சினன் மாரியைக் கொண்டுவந்து சேர்த்தான். மாரி சவுக்குக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பான். மாயவன் "கட்டை" என்று கத்தினால் குதிப்பான். பெரும்பாலும் வண்டி நின்றது.

ஒருநாள் கொஞ்சம் தள்ளி நின்றது. பக்கத்துச் சோடாக்கடை சுப்புராமனின் கால் ஒடிந்தது.

அன்று மாயவன் ஆடிப்போய்விட்டான். நேரே மதராஸுக்கு ரயிலேறி, ஊரெல்லாம் மாட்டிக்கொண்டு ஓடும் சாதாரண டிரம் நாலை வாங்கிவந்தான். ஜானகிராமனே மனம் இளகி, "சரி, மாட்டிடு. மாரியை வேலையிலேருந்து நின்னுக்கச் சொல்லு" என்றார்.

மாயவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசாங்க உத்தியோகம் என்று சொல்லித்தான் மாரிக்குக் கூடுவாஞ்சேரியில் பெண் நிச்சயம் பண்ணியிருந்தார்கள். வேலை போனால் கல்யாணம் போகும். பெண்டாட்டி சாந்தா வாசற்படி ஏற விடமாட்டாள். உயிரா, வீடா என்று பாவம் கொஞ்ச நேரம் தவித்தான்.

"சார்," என்றான், "இது ரோட்டு டிரம்மு. நாளைக்கு ரேஸுக்குப் போனா யாரு பதில் சொல்றது?"

ஜானகிராமன் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். டிரம்களில் மண் போட்டு வராந்தாவில் குரோட்டன்ஸ் வைத்தார்கள். மேலதிகாரி வந்து குரோட்டன்ஸையும் கட்டை ஏற்பாட்டையும் பார்த்து மகிழ்ந்து, இலாகாவின் எல்லா ஜீப்புகளிலும் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கு ஒரு கட்டையும் கட்டைக்கு ஒரு ஆளும் போடும்படி உத்தரவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாவுக்கட்டோடு கிடந்த சுப்புராமனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். அலுவலக வாசலில் ஊரே கூடியிருந்தது. சுப்புராமன் என் கையை உதறிவிட்டு, நொண்டியபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனார்.

"ஐயா, என் பையனுக்கு ஒரு கட்டை வேலை போட்டுக் குடுக்கணும்."

"யோவ், உன் காலை ஒடைச்ச வண்டிய்யா அது" என்றேன்.

"அதனாலதான் எனக்கு மொதல்ல. நீ பின்னாடி நில்லு."

நின்றேன். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்.