அப்பாவுக்குப் பிடிக்காத படங்கள்

"இது என்னடா, குடும்பப் படமா, பேய்ப் படமா?"

அப்பா புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். படமெடுத்த மகனின் அண்ணன், அண்ணி, தங்கை, மனைவி எல்லாரும் அவர் நாற்காலியைச் சுற்றி அழகாகத்தான் நின்றிருந்தார்கள். கண்கள் மட்டும் ரத்தச் சிவப்பு.

"ஃப்ளாஷ் பட்டு சிவந்துடுச்சுப்பா. மத்தபடி நல்லாத்தானே இருக்கு?" என்றான் அந்த மகன், லிஃப்ட் மெக்கானிக்.

"மத்தபடின்னா? கண்ணை விட்டுட்டு மூக்கை மட்டும் பார்க்கணுமா?"

அப்பா அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மருந்துச் சீட்டு கையில் கிடைத்தாலும் சிவப்புப் பேனாவைத் தேடுகிற ரகம். 'நல்லா இருக்கு' என்று அவர் எதையாவது சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதிலும் நடுப்பிள்ளையான மெக்கானிக்கின் பாடு சொல்லவே வேண்டாம். அவன் முதன்முதலாக ரிப்பேர் செய்த லிஃப்ட்டில் அப்பாவை ஆசையாக ஏற்றி இறக்கினான். இறங்கியதும் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "குலுங்குது."

அப்படிப்பட்டவர் ஹாலில் மாட்ட ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை. செல்போன் படமெல்லாம் படமே இல்லை என்பது அப்பாவின் கட்சி. அதனால் தெருமுனை ஃபோட்டோ கடைக்குப் போய், பட்டனை அமுக்கினால் படம் விழ வேண்டும், வேறு வித்தை எதுவும் வேண்டாம் என்று சொல்லி ஒரு சின்ன கேமராவை வாங்கி வந்தான். இந்த ஒரு காரியத்திலாவது அப்பா வாயால் ஒரு 'நல்லா இருக்கு' வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விடுவதில்லை என்று மனைவியிடம் சவால் வேறு விட்டிருந்தான்.

கேமரா வாங்குவது சுலபம். ஒரே ஊரில் இருந்துகொண்டு, இந்தா வரேன் அந்தா வரேன் என்று போனிலேயே மாதங்களை ஓட்டும் அண்ணனையும் தங்கையையும் ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மறுபடியும் கடைக்கு ஓடினான். கல்லாவில் இருந்த அக்கா முகம் சுளிக்காமல் கேமராவை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு சிவக்காத மாடல் ஒண்ணு இருக்கு தம்பி. மொதல்ல சும்மா ஒரு வெளிச்சம் அடிக்கும். அப்புறம் அடிக்கிறதுதான் நிஜம்."

"பட்டனை அமுக்கினா ஒரே தடவையில வேலை நடக்கணும்க்கா. என் லிஃப்ட்டு இப்படி ரெண்டு ரெண்டு தடவை கதவைத் திறந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எடுத்துட்டுப் போங்க தம்பி, சரியா வரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வெளிச்சம் அடித்ததும் அண்ணன் "அப்பாடா!" என்று எழுந்துவிட்டார். அண்ணி செருப்பைத் தேடிக் குனிந்தார். தங்கை பிஸ்கட் தட்டுக்குப் பாய்ந்தாள். "இருங்க, இருங்க!" என்று மெக்கானிக் கத்தும்போதே இரண்டாவது வெளிச்சம் அடித்தது.

கடைக்கு ஓடிப்போய்ப் பிரிண்ட் போட்டு வந்தான். படத்தில் அண்ணனுடைய முதுகு பிரமாதமாக விழுந்திருந்தது.

"என்னடா இது? என்னைத் தவிர எல்லாரும் கிளம்பிட்டாங்க?" என்றார் அப்பா.

மூன்றாவது கேமரா சிரிப்பைக் கண்டால் தானாகவே படம் எடுக்குமாம். முகங்களைப் பார்த்து, எல்லாரும் சிரித்தால்தான் அசையும் என்றார் அக்கா.

"எல்லாரும் சிரிங்க!" என்றான் மெக்கானிக் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"என்னத்தைடா சிரிக்கிறது? எனக்கு இருக்கிறது ஒரு லீவு நாள்" என்றார் அண்ணன்.

"அண்ணா, உன் மூஞ்சியாலதான் அது எடுக்க மாட்டேங்குது" என்றாள் தங்கை.

"ஏன், உன் மூஞ்சி மட்டும் என்னவாம்?"

கேமரா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சண்டை முற்றுவதற்குள் சமாதானம் பேச அண்ணி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். நாற்காலிக் கால் படக்கென்று உடைந்தது. அண்ணி தரையில் மல்லாந்தார். உடனே அண்ணன் உட்பட அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேமராவுக்குக் கொண்டாட்டம். க்ளிக், க்ளிக், க்ளிக்.

"இனிமே இந்த வாசப்படியை மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க!" அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

"இதை மாட்டினா வர்றவன் கழுத்து சுளுக்கிக்கும். கால் மேல இருக்கு, தலை கீழ இருக்கு. அதுவும் போகட்டும், நீ எங்கடா? ஒரு படத்துலயும் உன்னைக் காணோமே?" என்றார் அப்பா, பிரிண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அது நியாயமான கேள்வி. மெக்கானிக் நான்காவதாக ஒரு கேமராவைக் கொண்டு வந்தான். பட்டனை அமுக்கிவிட்டு ஓடிப்போய் நின்றுகொள்ள அது நேரம் கொடுக்கும். அண்ணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரும்பு நாற்காலி ஒன்றைத் தன் தலையிலேயே சுமந்து வந்து, அதில் தானே ஏறிக் குதித்துக் காட்டிய பிறகுதான் அண்ணி உட்காரச் சம்மதித்தார்.

அமுக்கினான், ஓடினான், அப்பாவின் பக்கத்தில் நின்றான். க்ளிக்.

பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது அவனே நம்பவில்லை. எல்லார் கண்ணும் திறந்திருந்தது. எல்லார் தலையும் கழுத்தின்மேல் இருந்தது. அண்ணன்கூட ஏறக்குறைய சிரித்திருந்தார்.

அப்பா பூதக்கண்ணாடியை வைத்து மூலை மூலையாக மேய்ந்தார். மெக்கானிக் பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல நின்றான். மனைவி அவன் முதுகை மெல்லக் கிள்ளினாள்.

"செவுரு கோணலா இருக்கு."

"அப்பா! செவுத்தையா மாட்டப் போறீங்க?" என்று அண்ணன் கத்தினார்.

"கோணல் கோணல்தானே? பரவாயில்லை, அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்."

இத்தனை வயதில் அப்பா முன்னால் அழுதால் அதிலும் ஏதாவது பிழை கண்டுபிடிப்பார் என்று மெக்கானிக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்க் கேமராவைக் கல்லாமேல் வைத்தான்.

"இந்தச் சனியனே வேண்டாம்க்கா. வேற மாடலும் காட்டாதீங்க. என்னால எங்கப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு படம் எடுக்க முடியாது. அவ்வளவுதான். விட்டுட்டேன்."

அக்கா அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அட, போங்க தம்பி! ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில உங்கப்பா வந்து அந்தப் படத்தைப் பெருசா போட்டு, ஃபிரேம் மாட்டி வாங்கிட்டுப் போறாரு. 'ரொம்ப நல்லா இருக்கும்மா, ஆனா என் பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாத, சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருத்தனும் வரமாட்டான்'னாரு!"