பெண் பார்க்கும் நாளில் பொழிந்த சோயாச் சக்கை

உணவுத் தொழில்நுட்பம் படித்த பிரம்மச்சாரிக்கு மொட்டைமாடியை நம்பிக் கொடுக்கவே கூடாது. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஓனர் கோவிந்தசாமி சார் கொடுத்தார். பாவம், தொண்ணூறுகளில் அவரை எச்சரிக்க ஆளில்லை.

நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் சோயா பால் தயாரித்தார்கள். அரைத்து, வேகவைத்து, பிழிந்தபின் மிஞ்சும் வெள்ளைச் சக்கை மாட்டுக்குப் போகும். புரதமும் நார்ச்சத்தும் அதில் இன்னும் இருக்கிறதே, காயவைத்து மாவாக்கினால் பிஸ்கட்டில் சேர்க்கலாமே என்று முதலாளியிடம் முழங்கினேன்.

"செஞ்சு காட்டுப்பா. இல்லாட்டி நாளையிலேர்ந்து பாட்டில் கழுவு" என்றார். (அங்கே பாட்டில் கழுவத்தான் ஆள் பற்றாக்குறை.)

உலர்த்தும் மிஷின் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாடி முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்துச் சக்கையைப் பரப்பினேன். மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. விஞ்ஞானிக்குரிய பெருமிதத்தோடு சாப்பிட்டுத் தூங்கினேன். பெங்களூர் மழை எழுப்பியது.

ஓடிப்போய்ப் பார்த்தால், சக்கை தண்ணீரைக் குடித்து உப்பி, மாடியின் மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் வரை கஞ்சி. மழை விட்டதும் துடைப்பக் கட்டையால் குழாயை ஓங்கி ஒரு குத்து.

ஓனர் மகள் ரேவதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், மழை விட்டதே என்று, அதே நேரம் வாசலில் இறங்கியிருந்தார்கள். (எனக்கென்ன தெரியும்?) வாசலுக்கு மேல் நீட்டியிருந்த குழாய் வழியே அத்தனையும் மாப்பிள்ளையின் அப்பா தலையில் இறங்கியது.

"இன்னாங்க இது, மேலேர்ந்து மொசரன்னம் கொட்டுது?" என்று அலறினார். தயிர்சாதம் என்று நினைத்துவிட்டார்.

"டேய், எறங்குடா கீழே!" அதுவரை என்னைத் 'தம்பி' என்றே கூப்பிட்டு வந்தவர் கோவிந்தசாமி சார்.

கையில் துடைப்பத்தோடு போய் நின்றேன். "நியூட்ரிஷியஸ் சார்" என்றேன்.

ஜன்னலுக்குப் பின்னால் ரேவதி குபீரென்று சிரித்தாள். அவ்வளவு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, அவரும் சிரித்தார். அவர் அப்பாவுக்கு மல்லேஸ்வரத்தில் பேக்கரி. மீசையில் ஒட்டியிருந்ததை வழித்து, முகர்ந்து, விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ரஸ்க்ல போட்டா நிக்குமா?"

நின்றது. கல்யாணமும் நின்றுபோகவில்லை. மாவுக்கு ஆர்டர் வந்ததால் பாட்டில் கழுவுவதிலிருந்து நானும் தப்பினேன்.

"ஊர்ல எல்லாருக்கும் கல்யாணத்தன்னிக்கு அட்சதை போடுவாங்க. எங்களுக்குப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே கொட்டிட்டாங்க" என்று ரேவதி இன்றும் சொல்வாள். அவள் பிள்ளைகளுக்கு நான் 'சக்கை மாமா'. மலையாளத்தில் 'சக்க' என்றால் பலாவாம்; அந்த வீட்டு விசேஷங்களில் மலையாளிகள் யாராவது மரியாதையாக என்னை ஓரங்கட்டி, பலாப்பழம் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள்.