துவக்கண்ணையின் நாதஸ்வரப் பை

பாரிசில் சட்டப்படி துவக்கு வைத்திருந்து, காலமெல்லாம் சுட்டும் ஒரு கடதாசி இலக்கைக்கூடக் காயப்படுத்தாத ஒரே மனிதர் துவக்கண்ணைதான். ரூ பஜோல் தெருவில் இருந்த எங்கள் அறையை விட்டு அவர் முன்னே நடந்துகொண்டிருந்தார். அவருடைய உடுப்புப் பையையும் என்னுடையதையும் தூக்கிக்கொண்டு நான் பின்னே. அவர் தோளில் சிவப்புத் துணியில் தைத்த நாதஸ்வரப் பை ஒன்று தொங்கியது. அதற்குள் நாதஸ்வரம் இல்லை.

எங்களை வெளியேற்றியவர் வாடகை அண்ணை. அறை அவர் பெயரில் இருந்ததால் அந்தப் பெயர். என் அகதி வழக்கு கடைசித் தடவையாகவும் தள்ளுபடியான கிழமை அது. அவர் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"துவக்குக்குப் பேப்பர் இருக்கு, இவனுக்கில்லை. பொலிஸ் வந்தா நான் எதைக் காட்டுறது, எதை ஒளிக்கிறது? ரெண்டிலை ஒண்டை வெளியிலை எடுங்கோ அண்ணை."

துவக்கண்ணை கொஞ்சம் யோசித்தார். "துவக்கை விடேலாது. பெடியனைப் போ எண்டும் சொல்லேலாது. அப்ப ரெண்டையும் நான் கொண்டு போறன்."

என்னையும் துவக்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கிழமை துவக்கின் நிலைமை என்னுடையதைவிட எவ்வளவோ மேல்.

துவக்கண்ணை எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர். உணவகத்தில் கோப்பை கழுவுவது வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய ராணுவத் துவக்குகளை வாங்கித் திருத்துவார், ஞாயிறுகளில் புறநகரான பொண்டிப் பக்கம் இருந்த ஒரு துவக்குக் கழகத்தில் சுடுவார். அங்கே இரும்பு அலுமாரியில் அவருடைய இரண்டு துவக்குகள் கிடந்தன. அறையில் இருந்தது பழைய குதிரைப்படைக்காரரின் கட்டைத் துவக்கு. அதில் சுட்டபின் தோட்டாவின் வெற்றுக் கோதை இழுத்து வெளியே எறிகிற சின்ன நகம் உடைந்திருந்தது. ஒரு மாரிகாலம் முழுக்கக் கட்டிலில் இருந்து அரத்தால் ராவி ராவிப் புது நகம் செய்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்பான போல்ட்டைத் துவக்கிலிருந்து தனியே கழற்றி வைக்க வேண்டும் என்பது சட்டம். அவர் அதை அரிசி வாளிக்குள் வைத்தார். வாடகை அண்ணை ஒருநாள் அதை அரிசியோடு சேர்த்து உலையில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமைகளில் துவக்குக்கு எண்ணெய் முழுக்கு. அதற்கென்று கடையில் விற்கிற எண்ணெய் சரிவராதாம். நல்லெண்ணெய்தான். அடுத்த நாள் கழகத்தில் அவர் சுடும்போது புகையோடு தோசை வாசமும் வரும். விசையை இழுக்கும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். குண்டு எங்கே போனதென்று அவருக்கும் தெரியாது, இலக்குக்கும் தெரியாது.

நான் வன்னியில் ஷெல் விழுந்ததோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 2009இல் முள்வேலி முகாமுக்குள் கிடந்து, பிறகு லொறிகளில் படுத்துப் பல நாடு தாண்டி வந்தவன். கட்டிலுக்குக் கீழே துவக்கைக் கண்ட அன்று சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணை, உதை ஏன் வச்சிருக்கிறியள்?"

"இது சண்டை முடிஞ்ச துவக்கடா தம்பி. பிடிச்சவனும் செத்திட்டான், அவன் சுட்டவனும் செத்திட்டான். இதுக்கு இனி ஒருத்தரிலும் கோவமில்லை."

"எங்கடை சண்டையும் முடிஞ்சுதெண்டுதானே சொல்லுறாங்கள்?"

அவர் எண்ணெய்த் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

நாங்கள் வெளியேறிய நாள் பிள்ளையார் கோயில் தேர். தெருமுனையில் பொலிஸ் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தது. துவக்கண்ணையின் சட்டைப் பையில் எல்லா அனுமதிப் பத்திரங்களும் இருந்தன. திறந்து காட்டினால் விட்டுவிடுவார்கள்.

"காட்டுங்கோவன் அண்ணை."

"என்ரை பேப்பரைப் பாத்தா, பக்கத்திலை நிக்கிற உன்ரை பேப்பரையும் கேப்பாங்கள். பேசாமல் வா."

திரும்பி நடந்தோம். அதற்குள் வேட்டி கட்டிய தொண்டர் ஒருவர் அவர் கையைப் பிடித்துவிட்டார். "மேளகாரர் எல்லாம் முன்னுக்கு நிக்கினம், நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்? வாங்கோ!"

இழுத்துக்கொண்டுபோய்த் தேருக்கு முன்னால் விட்டார். இரண்டு உடுப்புப் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நான் வடம் பிடித்தேன். வடம் பிடித்தவனிடம் யாரும் பேப்பர் கேட்பதில்லை.

"வாசியுங்கோவன் அண்ணை," என்றார் தவில்காரர்.

"சீவாளி உடைஞ்சு போச்சு."

பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர் நல்ல மனிதர். தன் குழலில் தொங்கிய, நுனியில் செருகி ஊதுகிற நாணல் சீவாளிகளில் ஒன்றை அவிழ்த்து நீட்டினார். துவக்கண்ணை அதை வாங்கி வாயில் வைத்தார். "ஊத முதல் நனையட்டும்," என்றார்.

அது நனைந்துகொண்டேயிருந்தது. சந்தி சந்தியாகத் தேர் திரும்பியது, தேங்காய்கள் உடைந்தன, அவர் பையைக் கட்டிப்பிடித்தபடி தாளத்துக்குத் தலையாட்டினார். "இன்னும் நனையேல்லையோ?" என்று தவில்காரர் கேட்கும்போதெல்லாம் சீவாளியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பொலிஸ்காரன் ஒருவன் எங்களுக்காகச் சனத்தை விலக்கி வழிவிட்டான். நான் பிள்ளையாரைக் கும்பிடவில்லை. துவக்கண்ணையின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தேர் சுற்றித் திரும்பி, நாங்கள் விட்டுவந்த வாசலுக்கே வந்தது. தேங்காயோடு கையை ஓங்கிய வாடகை அண்ணை, நாதஸ்வரப் பையைக் கண்டதும் ஓங்கியபடியே நின்றார். துவக்கண்ணை சீவாளியை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "தேங்காயை உடையும் ஐசே, சாமி பாத்துக்கொண்டு நிக்குது."

பின்னேரம் பொலிஸ் போனபிறகு பொண்டிக்கு ரயில் எடுத்தோம். கழகத்துக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் படுக்க இடம் கேட்டு வாங்கினார். அடுத்த நாள் காலை அங்கேயே எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கழகத்தில் துவக்குக்கு மட்டும்தான் பேப்பர் கேட்பார்கள். சுடுகிறவர்களின் காலடியில் விழும் வெற்றுக் கோதுகளைக் கூட்டி வாளியில் சேர்ப்பதுதான் வேலை. இத்தனை நாடு தாண்டி ஓடிவந்தது இதற்குத்தான்.

முதல் வெடிக்கு நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். கைகள் காதை விட்டு வர மறுத்தன. துவக்கண்ணை தன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

அங்கே நான் வேலை செய்த காலமெல்லாம் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். துடைத்தார், எண்ணெய் பூசினார், தோளில் வைத்துக் கண்ணை மூடினார், இறக்கினார். அவர் நின்ற இடத்தில் எனக்குக் கூட்டுவதற்கு ஒரு கோதுகூட ஒருநாளும் கிடந்ததில்லை.